ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? உடனே கவனியுங்கள்!

‘பக்கவாதம்’ என்று யாராவது சொன்னதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வருகிறது? ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறிப் படுத்திருக்கிற ஒருவரின் உருவம்தானே? பெயரிலேயே ‘பக்கம்’ இருப்பதால் வந்த வினை இது! கை கால் நன்றாக அசைகிறது, பேச்சும் தெளிவாக இருக்கிறது என்றால், “அட, அதெல்லாம் ஒண்ணுமில்லே” என்று தைரியமாக இருந்துவிடுகிறோம். ஆனால் எந்தப் பக்கமும் விழாமல், கண்ணின் அசைவை மட்டும் முதலில் பிடித்துக்கொள்கிற பக்கவாதமும் உண்டு, சகோதரிகளே! மூளையின் அடியில் இருக்கும் தண்டுப் பகுதியில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் அப்படி ஆகும். எங்கள் வீட்டில் ஆயிற்று.

எனக்குப் புகுந்த வீடு மருங்காபுரிப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். நாங்கள் உத்தியோகத்துக்காக ஸ்ரீரங்கம் வந்துவிட்டோம். என் மாமியார் மட்டும் கொழுந்தனார் குடும்பத்தோடு ஊரிலேயே இருக்கிறார். அப்போது அவருக்கு வயது 64. பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு மாத்திரை வீடு தேடியே வருகிறது. வருகிறதே தவிர, அதெல்லாம் வயிற்றுக்குள் போகிறதா என்பது வேறு கதை. “இன்னிக்கு நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?” என்று பாதியை ஒரு டப்பாவில் போட்டுச் சேர்த்து வைத்திருந்தார். சேர்த்து வைக்க அதென்ன சீட்டுப் பணமா?

ஒரு மார்கழி மாதம், விடியற்காலை ஐந்து மணி. வாசல் தெளித்துப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவருக்கு, வைத்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் இன்னொரு புள்ளி தெரிந்திருக்கிறது. கண்ணைக் கசக்கிப் பார்த்தார், போகவில்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிட்டது! அப்படியே இடது கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கோலத்தை முழுசாகப் போட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்வதென்றால் அவ்வளவு தயக்கம்!

ஏழு மணிக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. “பித்தம்தான், இஞ்சிச் சாறு குடுங்க” என்றார் ஒருவர். “கண்ணாடி பவர் மாறியிருக்கும், மணப்பாறை போனா செக் பண்ணிடலாம்” என்றார் இன்னொருவர். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். பத்து மணிக்கு ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். கையைத் தூக்கச் சொன்னார்களாம், தூக்கினார். சிரிக்கச் சொன்னார்களாம், சிரித்தார். பேச்சும் சரி. வாந்திக்கு ஓர் ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணைப் பற்றி அங்கே யாரும் கேட்கவே இல்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பேரன்தான் கண்டுபிடித்தான். “அப்பாயி, நான் இந்தப் பக்கம் இருக்கேன், நீ எங்கே பார்க்கிறே? உன் கண்ணு ஒரு மாதிரி இருக்கு!” என்றிருக்கிறான். அதற்குள் நடையும் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டது. என் ஓரகத்தி எனக்குப் போன் செய்தாள். “அக்கா, அத்தைக்கு என்னமோ பயமா இருக்கு” என்றாள். 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். துவரங்குறிச்சி வந்து, நெடுஞ்சாலையைப் பிடித்து, விராலிமலை வழியாகத் திருச்சிக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. புள்ளி இரண்டாகத் தெரிந்து முழுசாகப் பதினொன்றரை மணி நேரம்!

ஆஸ்பத்திரியில் இருந்த நரம்பியல் டாக்டர் சின்ன வயதுப் பெண். அவர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?” என்பதுதான். அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் கெடு. தொடங்கிய நேரம் தெரிந்தால்தான் அதைப் போடலாமா, கூடாதா என்று முடிவு செய்ய முடியும். எங்களுக்கு அந்தக் கெடு காலை ஒன்பதரைக்கே முடிந்துபோயிருந்தது.

ஒரே நுகத்தில் இரண்டு மாடு

“கண்ணுக்கும் பக்கவாதத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று டாக்டரிடம் கேட்டேன். “உங்க ஊர் மணப்பாறைப் பக்கம்தானே? மாட்டு வண்டி ஓட்டிப் பார்த்திருப்பீங்களே!” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நம் இரண்டு கண்ணும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரியாம். ஒவ்வொரு கண்ணையும் இழுக்க ஆறு தசைகள். அந்தத் தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகிறவை மூன்று ஜோடி நரம்புகள். மூன்றும் மூளைத்தண்டிலிருந்துதான் புறப்படுகின்றன. இடது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் இடது கண் வெளிப்பக்கமும் வலது கண் மூக்குப் பக்கமும் ஒரே சமயத்தில் திரும்ப வேண்டும். இரண்டையும் சேர்த்து ஓட்டும் வண்டிக்காரன் உட்கார்ந்திருப்பது மூளைத்தண்டின் நடுப்பகுதியில். அங்கிருந்து ஒரு மெல்லிய நரம்புக் கற்றை கயிறு போல மேலே ஓடி இரண்டு கண்களின் வேலையையும் இணைக்கிறது. கயிறு அறுந்தால் ஒரு மாடு போகும், மற்றது நிற்கும். இரண்டு கண்ணும் வெவ்வேறு திசையில் பார்க்கும்போது மூளைக்கு இரண்டு படம் கிடைக்கும். அதுதான் இரட்டைப் பார்வை. ஒரு கண்ணை மூடினால் ஒரு படம்தானே? அதனால்தான் அத்தைக்குக் கோலம் சரியாகத் தெரிந்தது.

மூளைத்தண்டு நம் கட்டை விரலைவிடக் கொஞ்சம் பருமன்தான். அந்தச் சின்ன இடத்துக்குள் கண் அசைவு, விழுங்குதல், நிதானம், மூச்சு, விழிப்பு எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும். ஸ்ரீரங்கத்துக் கடைத்தெரு மாதிரி நெருக்கடி! ஒரு கடுகளவு இடம் ரத்தம் இல்லாமல் வாடினாலும் ஏதோ ஒன்று உடனே தடுமாறிப் போகிறது. கை கால் நரம்புகளும் அந்த வழியாகத்தான் போகின்றன. ஆனால் அடைப்பு அவற்றைத் தொடாமல் தள்ளி இருந்தால் கை கால் பத்திரமாகவே இருக்கும். நாமும் ஏமாந்துபோவோம்.

டாக்டர் ஒரு பேனாவைக் காட்டி, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் தொடரச் சொன்னார். இடது பக்கம் கொண்டுபோனால் அத்தையின் இரண்டு கண்ணுமே போகவில்லை. வலது பக்கம் கொண்டுபோனபோது வலது கண் மட்டும் உதறிக்கொண்டே வெளியே போயிற்று. இடது கண் நடுவிலேயே நின்றது. மேலே, கீழே சரியாகப் போயிற்று. பிறகு பேனாவை மூக்குக்கு நேரே கிட்டத்தில் கொண்டுவந்தார். என்ன ஆச்சரியம்! நகரவே மாட்டேன் என்ற அந்த இடது கண் மூக்குப் பக்கம் அழகாகத் திரும்பியது. தசையில் கோளாறு இல்லை, பக்கவாட்டில் பார்க்கச் சொல்லும் கயிற்றில்தான் கோளாறு என்பதற்கு அதுவே சாட்சி என்றார் டாக்டர். கிட்டத்தில் பார்க்கும் உத்தரவு வேறு வழியாக வருகிறதாம்.

இதற்கு அவர் சொன்ன பெயரைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘ஒன்றரை’ நோய்! பக்கவாட்டு அசைவில் ஒரு பக்கம் முழுதும், மறுபக்கத்தில் பாதியும் போய்விடுவதால் ஒன்றரை. மில்லர் ஃபிஷர் என்ற பெரிய நரம்பியல் நிபுணர் 1967-இல் வைத்த பெயராம் இது. நம் ஊரில் ‘ஒன்றரைக் கண்’ என்பது ஒரு வசவு. பிறவியிலேயே மாறுகண் உள்ள குழந்தையைக்கூடச் சிலர் அப்படிச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதே வார்த்தை ஒரு மருத்துவப் பெயராக வந்து என் மாமியார் கேஸ் ஷீட்டில் உட்கார்ந்துவிட்டது. ‘அத்தைக்கு இது தெரிய வேண்டாம்’ என்று டாக்டரிடம் கண்ணாலேயே ஜாடை காட்டினேன்.

முதலில் எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ‘நார்மல்’ என்றதும் கொழுந்தனார், “அப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?” என்று கேட்டுவிட்டார். பாவம், அவர் சந்தோஷம் அவருக்கு. சி.டி. எடுப்பது முக்கியமாக மூளையில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். மூளைத்தண்டு எலும்புகளுக்கு நடுவில் புதைந்து கிடப்பதால் சின்ன அடைப்பு அதில் தப்பிவிடும். எம்.ஆர்.ஐ.யில்தான் அத்தைக்கு இருந்த சின்னப் புள்ளி தெரிந்தது. அந்த எம்.ஆர்.ஐ.கூட முதல் இரண்டு நாளில் சிலருக்குக் காட்டாமல் ஏமாற்றுவது உண்டாம். விடாத தலைசுற்றலோடு வந்தவர்களை வைத்து அமெரிக்க டாக்டர்கள் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கண் அசைவை மூன்று விதமாகச் சோதித்துப் பார்ப்பது, ஆரம்பத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யைவிட நன்றாகப் பக்கவாதத்தைக் காட்டிக்கொடுத்தது. பழகிய டாக்டர் செய்ய வேண்டிய சோதனை அது. வீட்டில் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்காதீர்கள்!

முகம், கை, பேச்சு... அப்புறம்?

முகம் கோணுகிறதா, கை தொங்குகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்ற மூன்று சோதனையும் நல்லவைதான். ஆனால் அவை போதாது. 2017-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 736 பக்கவாத நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தபோது, நூற்றுக்கு 14 பேர் இந்த மூன்றிலும் அகப்படவில்லை. நடைத் தடுமாற்றம், பார்வை இரண்டையும் சேர்த்துக்கொண்டதும் தப்பியவர்கள் நூற்றுக்கு 4 பேராகக் குறைந்தார்கள். எங்கள் அத்தை அந்தப் பதினாலில் ஒருவர்!

ஆகவே யாராவது, “ஒண்ணு ரெண்டாத் தெரியுது” என்று சொன்னால் உடனே ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிட்டால், இரண்டு கண்ணும் சேர்ந்து ஓடவில்லை என்று அர்த்தம். ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றக் கண்ணில் இரண்டாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் அந்தக் கண்ணின் கோளாறு. கண்புரையாக இருக்கலாம், கண்ணாடிப் பவராக இருக்கலாம். கண் டாக்டரை ஆற அமரப் பார்க்கலாம்.

சேர்ந்து ஓடாத கண்ணெல்லாம் பக்கவாதம்தானா? இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்குக் கண்ணுக்குப் போகும் நரம்பு ஒன்று மட்டும் சோர்ந்து இரட்டையாகத் தெரிவது உண்டு. அது பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் இது அதுவா, இதுவா என்று அடுப்பங்கரையில் நின்று நாம் தீர்மானிக்க முடியாது. திடீரென்று வந்தது என்றால், அதிலும் தலைசுற்றல், வாந்தி, நடைத் தள்ளாட்டம், முகம் மரத்துப்போதல், விக்கல், விழுங்கச் சிரமம் இவற்றில் ஏதாவது ஒன்று கூட வந்தால், ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. கண்ணிமை தொங்கி, கண்ணின் பாப்பா விரிந்து, தலை வெடிப்பது போல் வலித்தால் அதுவும் அவசரம்தான். ரத்தக் குழாய் புடைத்திருக்கலாம்.

அப்புறம் அந்த இஞ்சிச் சாறு! மூளைத்தண்டில் அடைப்பு என்றால் விழுங்கும் நரம்பும் தடுமாறியிருக்கலாம். நாம் ஆசையாக ஊற்றும் காபியோ, சாறோ, மாத்திரை விழுங்கக் கொடுக்கும் தண்ணீரோ நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆஸ்பத்திரியில் விழுங்கும் திறமையைச் சோதித்த பிறகுதான் அத்தைக்கு ஒரு ஸ்பூன் தண்ணீரே கொடுத்தார்கள். ஆஸ்பிரின் நல்லது என்று எங்கேயோ படித்துவிட்டு வீட்டிலேயே கொடுக்கவும் வேண்டாம். உள்ளே ரத்தக் கசிவாக இருந்தால் விபரீதம். வண்டி வருவதற்குள் நாம் செய்ய வேண்டியது ஒருக்களித்துப் படுக்க வைப்பது, கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்வது, மாத்திரை டப்பாவை அப்படியே கையில் எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான்.

‘நேரம் தாண்டிவிட்டதே, இனிமேல் போய் என்ன பிரயோஜனம்?’ என்றும் இருந்துவிடாதீர்கள். மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயே அடைத்துக்கொண்டால், தொடை வழியாகக் கம்பியைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை இருக்கிறது. தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட அது பலன் தருகிறது என்று சீனாவில் நடந்த ஆய்வு ஒன்று 2022-இல் காட்டியது. அத்தைக்கு அடைத்தது மிகச் சிறிய குழாய், அதனால் அது தேவைப்படவில்லை.

கண் மட்டும் பேசியது

பெரிய குழாய் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவருடைய கதையைச் சொல்ல வேண்டும். ழான் டொமினிக் போபி என்பவர் பாரிஸ் நகரத்தில் ‘எல்’ என்ற பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர். 1995 டிசம்பரில், 43 வயதில், மூளைத்தண்டில் பக்கவாதம் வந்து விழுந்தார். நினைவு திரும்பியபோது கை, கால், நாக்கு எதுவும் அசையவில்லை. ஆனால் புத்தி துளிக்கூடக் குறையவில்லை! இடது கண்ணிமை ஒன்றைத்தான் சிமிட்ட முடிந்தது. ஓர் உதவியாளர் எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார். வேண்டிய எழுத்து வந்ததும் போபி இமையை மூடுவார். இப்படி ஒவ்வொரு எழுத்தாக ஒரு புத்தகத்தையே எழுதி முடித்தார். 1997 மார்ச்சில் புத்தகம் வெளிவந்தது. அடுத்த சில நாளில் அவர் காலமானார்.

இமையும் மேல்-கீழ்ப் பார்வையும் பல சமயம் தப்பிப் பிழைப்பதற்குக் காரணம், அந்த உத்தரவுகள் தண்டின் மேல்பகுதியிலிருந்து புறப்படுவதுதான். ஆகவே அசையாமல் கிடப்பவரை ‘நினைவில்லை’ என்று நாமே தீர்மானித்துவிடக் கூடாது. “நான் சொல்றது கேட்குதா? கேட்டா மேலே பாருங்க” என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செலவுக் கணக்கும் பாகப் பிரிவினையும் பேசுகிற உறவுக்காரர்கள் நம் ஊரில் கொஞ்சமா? அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

எட்டாம் நாள் அத்தை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். உண்மையான கஷ்டம் அப்புறம்தான் ஆரம்பம். தட்டில் இரண்டு இட்லி வைத்தால் நாலாகத் தெரியும். படி இரண்டாகத் தெரியும், எதில் கால் வைப்பது? கண்ணைத் திறந்தாலே குமட்டல் வருகிறது என்று நாளெல்லாம் மூடிக்கொண்டே படுத்திருந்தார்.

ஒரு கண்ணைக் கட்டினால் இரட்டை போய்விடும். அதற்குக் கறுப்புத் துணி கட்டி, அவரைப் பார்ப்பவர்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஆஸ்பத்திரியில் ஒட்டும் வெள்ளை டேப்பை ஒட்டச் சொன்னார் டாக்டர். ஒருநாள் வலது பக்கம், மறுநாள் இடது பக்கம். தினமும் டேப்பை மாற்றுவது என் பெண்ணின் வேலையாயிற்று. இது பெரியவர்களுக்குச் சொன்ன யோசனை. குழந்தைகளின் கண்ணை டாக்டர் சொல்லாமல் கட்டவே கூடாது, பார்வை மழுங்கிவிடும்.

ஒரு கண்ணால் பார்க்கும்போது தூரம், ஆழம் சரியாகப் பிடிபடாது. அத்தைக்குக் காபி ஆற்றிக் குடித்துத்தான் பழக்கம். முதல் நாளே டம்ளருக்கும் டவராவுக்கும் நடுவில் சுடச்சுடக் காபி மடியில் கொட்டிவிட்டது. நல்லவேளை, மேலோடு போயிற்று. அப்புறம் நான் ஆற்றியே கொடுத்தேன். அரிவாள்மனையை எடுத்துப் பரணில் வைத்தேன். படியின் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் கோடு போட்டோம், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்தோம். யார் பேசினாலும் அவருக்குப் பார்வை நன்றாகப் போகிற வலது பக்கமாகவே உட்கார்ந்து பேசினோம். இதெல்லாம் செலவில்லாத வைத்தியம்.

மனசுக்குத்தான் வைத்தியம் சுலபமாக இல்லை. ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. “நான் வரலை தாயி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒன்றரைக் கண்ணும்பாங்க” என்றார். நான் அவரிடமிருந்து மறைத்த அந்த வார்த்தை அவர் வாயிலிருந்தே வந்தது! அன்றைக்கு டாக்டர் சொன்னதையெல்லாம், மாடு, நுகம், கயிறு எல்லாவற்றையும் அவருக்கும் விளக்கிச் சொன்னேன். “அப்போ கண்ணு கெட்டுப்போகலையா? கயிறுதான் போச்சா?” என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். முன்பே சொல்லியிருந்தால் பார்வை அடியோடு போய்விடும் என்ற பயத்தோடு அவர் அத்தனை நாள் கிடந்திருக்க மாட்டாரோ என்று டாக்டரிடம் கேட்டேன். பயம் என்னவென்று நோயாளியின் வாயால் வந்த பிறகு சொல்வதும் நல்லதுதான் என்றார். கல்யாணத்துக்கு டேப் ஒட்டிய கண்ணாடியோடேயே போனோம். சமயபுரத்து அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். அதையும் செலுத்தினோம். மாத்திரையையும் விடவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லையே!

மூன்றாவது மாதத்தில் நேராகப் பார்த்தால் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஆறாவது மாதம் இடது ஓரத்தில் மட்டும்தான் இரட்டை. இப்போதும் களைத்துப்போனால் கொஞ்சம் வரும். எல்லோருக்கும் இவ்வளவு சரியாகும் என்று சொல்ல முடியாது. சிலருக்குப் பார்க்கிற காட்சியே ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருக்கும். அதற்கு மாத்திரைகள் ஓரளவு உதவும்.

இன்னொரு விஷயம். ஆரம்பத்திலேயே கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடிக்குப் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள். முதல் சில மாதங்களில் கண் நிற்கும் கோணம் மாறிக்கொண்டே இருக்கும், இன்று பொருந்தியது அடுத்த மாதம் பொருந்தாது. அதுவரைக்கும் பழைய கண்ணாடி மேலேயே ஒட்டி எடுக்கக்கூடிய மெல்லிய பிரிசம் ஒட்டிகள் இருக்கின்றன. மாறுகண் பிரிவு உள்ள கண் ஆஸ்பத்திரியில் அளவு பார்த்து ஒட்டுவார்கள். கோணம் மாறாமல் குறைந்தது ஆறு மாதமாவது நின்ற பிறகும் இரட்டை தெரிந்தால், அப்போது கண்ணாடியிலேயே பிரிசம் வைக்கலாமா, தசையில் ஆபரேஷன் செய்யலாமா என்று கண் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.